ஊக்கமருந்து: தடையா, அனுமதியா, அளவா, தனிப்போட்டியா?

2023 செப்டம்பரில் தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் மாநிலத் தடகளப் போட்டி நடந்தது. ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் ஓடுபாதைக்கு வந்தார்; மற்றவர்கள் தசைப்பிடிப்பு என்றும் உடல்நலம் சரியில்லை என்றும் சொல்லி விலகிக்கொண்டார்கள். அந்த ஒருவர் தனியாக ஓடித் தங்கம் வாங்கினார். தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் இளையோர் ஸ்டீபிள்சேஸில் ஓடிய ஒரு பெண் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாகவும், சோதனை அதிகாரி அவரைத் துரத்த வேண்டியிருந்ததாகவும் செய்தித்தாள்கள் எழுதின. அரங்கின் கழிப்பறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்த காணொளியும் அப்போது வெளிவந்தது.

இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துச் சலித்துப்போனவர்கள், இத்தனை பேர் எடுத்துக்கொண்டும் ஒரு சிலர்தான் பிடிபடுகிறார்கள் என்றால், ஊக்கமருந்தை அனுமதித்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்பவர்களில் மருந்து விற்பவர்கள் மட்டும் இல்லை; மருந்து எடுத்தும் சிக்காமல் போன எதிராளியிடம் பதக்கத்தைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். விதி வகுப்பவர்கள் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: இப்போதுள்ள தடையைத் தொடர்வது, தடையை அடியோடு நீக்குவது, மருத்துவர் மேற்பார்வையில் ஓர் அளவுவரை அனுமதிப்பது, மருந்து எடுப்பவர்களுக்கென்று தனிப்போட்டி நடத்துவது. நான்குமே உலகில் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்தவை அல்லது இப்போது தொடங்கப்படுபவை என்பதால், அனுபவத்தை வைத்தே இவற்றை ஒப்பிட முடியும்.

இவற்றை எடைபோட நான் கையில் எடுக்கும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை வேளைகளில் மாவட்ட விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த, பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் மூன்றே மாதத்தில் ஆள் மாறிப்போனான். கழுத்து தடித்தது, தோளிலும் முதுகிலும் பருக்கள் கட்டிகட்டியாகக் கிளம்பி, பனியனின் முதுகுப் பக்கம் ரத்தப் பொட்டுகள் தெரிந்தன. ஒருநாள் அவன் அம்மா ஒரு வெள்ளை டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்து எடுத்துவந்து என்னிடம் காட்டினார். அதில் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்கவில்லை. மூடியின் மேல் மட்டும் பேனாவால் ‘காலை 2, இரவு 2’ என்று எழுதியிருந்தது. “சத்து மாத்திரைன்னு சொன்னாங்க சார், காதுல கிடந்ததை அடகு வெச்சுத்தான் வாங்கிக் குடுத்தேன்” என்றார். டப்பாவைக் கொடுத்தவர் அவனுக்குத் தனியாகப் பயிற்சி தந்துவந்த ஒருவர். பையன் உலகச் சாதனைக்கு ஆசைப்பட்டவன் இல்லை. மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம், அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, அவ்வளவுதான் அவன் கணக்கு. ஆகவே எந்த வழியைப் பற்றிப் பேசினாலும், அது ஒலிம்பிக் வீரரை என்ன செய்யும் என்பதற்கு முன்னால், அந்த டப்பாவை என்ன செய்யும் என்று கேட்பதே எனக்கு முறையாகப் படுகிறது.

தடையை அடியோடு நீக்கச் சொல்பவர்களின் வாதம் எளிமையானது. வயது வந்த ஒருவர் தன் உடலை என்ன செய்துகொள்கிறார் என்பது அவருடைய உரிமை. குத்துச்சண்டையில் தலையில் அடிவாங்குவதை அனுமதிக்கும் நாம் ஊசியை மட்டும் ஏன் தடுக்க வேண்டும் என்கிறார்கள். உரிமை என்ற சொல்லுக்கு நான் மதிப்பளிக்கிறேன். ஆனால், தன் எல்லைக்குள் மருந்துக்கு எந்தத் தடையும் இல்லாமல், மருத்துவரும் ஆய்வகமும் அரசுப் பணமும் பின்னால் நிற்க ஒரு நாடு விளையாட்டை நடத்திய கதை நமக்கு முன்னால் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி 1974இல் தொடங்கிய ரகசிய அரசுத் திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 10,000 வீரர்களுக்கு தசையைப் பெருக்கும் ஓரல் டுரினபோல் உள்ளிட்ட ஸ்டீராய்டுகள் கொடுக்கப்பட்டன. அவர்களில் பலர் பதின்ம வயதுச் சிறுமிகள். அவர்களிடம் அந்த நீல மாத்திரைகளை வைட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஹைடி கிரீகர் என்ற பெண் அப்படி வளர்க்கப்பட்டு 1986இல் குண்டு எறிதலில் ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். பின்னாளில் பாலின மாற்றம் செய்துகொண்டு ஆண்ட்ரியாஸ் என்று வாழும் அவர், தான் யார் என்பதைத் தானே கண்டடையும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்று வருந்தியிருக்கிறார். திட்டத்தை நடத்திய மான்ஃபிரட் எவால்டும் மருத்துவர் மான்ஃபிரட் ஹோப்னரும் 2000ஆம் ஆண்டில்தான் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். வைட்டமின் என்ற அந்தச் சொல்லுக்கும், எங்கள் மைதானத்தில் நான் கேட்ட சத்து மாத்திரை என்ற சொல்லுக்கும் இடையே எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

அது சர்வாதிகார நாடு, சுதந்திர நாட்டில் அப்படி நடக்காது என்று பதில் வரலாம். சுதந்திர நாட்டில் கட்டாயம் வேறு வழியாக வரும். அமெரிக்க பேஸ்பால் வீரர் மார்க் மெக்வயர் 1998இல் 70 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, 1961 முதல் நின்ற 61 என்ற சாதனையைத் தாண்டிச் சென்ற பருவத்தில், ஆண்ட்ரோஸ்டீன்டயோன் என்ற ஸ்டீராய்டு வகைப் பொருளை எடுத்துவருவதாக ஒப்புக்கொண்டார். ஒலிம்பிக்கில் அது தடைசெய்யப்பட்டிருந்தது; பேஸ்பாலில் தடை இல்லை, கடையிலும் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைத்தது. அந்தச் செய்திக்குப் பிறகு அதன் விற்பனை பெருகியது. பள்ளி மாணவர்கள் வாங்கத் தொடங்கியதைக் கண்டு கவலைப்பட்ட அரசு 2004இல் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. யாரும் எவரையும் மிரட்டவில்லை. மேலே இருப்பவர் எடுக்கிறார், எடுக்காதவர் அணிக்குள் வர முடியாது என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது. எல்லோரும் எடுக்கும்போது வரிசை பெரிதாக மாறுவதில்லை, மருந்தின் அளவுதான் ஏறிக்கொண்டே போகிறது. எடுக்க விரும்பாதவருக்கு விளையாட்டைவிட்டு விலகும் உரிமை மட்டுமே மிஞ்சுகிறது. இந்த வழியைப் பற்றி நான் இதற்கு மேல் யோசிப்பதில்லை.

மூன்றாவது வழிதான் நிதானமானவர்களை ஈர்க்கிறது, என்னையும் ஒரு காலத்தில் ஈர்த்தது. மருந்தைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு உடல்நலத்தைச் சோதியுங்கள், ஆபத்தில்லாத அளவு எதுவோ அதுவரை அனுமதியுங்கள் என்பது முன்பு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த அறவியல் அறிஞர் ஜூலியன் சவுலெஸ்கு போன்றவர்கள் 2004 முதல் முன்வைத்துவரும் கருத்து. இது நடைமுறைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. சைக்கிள் பந்தய உலகம் சில ஆண்டுகள் கிட்டத்தட்ட இந்த விதியின் கீழ்தான் வாழ்ந்தது.

சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன், எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தசோகைக்காகச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட இ.பி.ஓ. மருந்து 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. சிவப்பணு கூடினால் தசைக்குச் செல்லும் பிராணவாயுவும் கூடும் என்பதால், அது விரைவிலேயே நெடுந்தூரப் பந்தய வீரர்களின் கைக்குப் போய்விட்டது. உடலே சுரக்கும் ஹார்மோனைப் போன்றது என்பதால் அதைச் சோதனையில் பிரித்தறிய அப்போது வழியில்லை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு ஆண்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும். அதைவிட ஏறினால் ரத்தம் தடித்து, உறைகட்டி, இதயத்தையோ மூளையையோ அடைக்கக்கூடும். எனவே சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 1997இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஆண்களுக்குச் சிவப்பணுப் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால், உடல்நலத்தைக் கருதி அந்த வீரர் இரண்டு வாரம் போட்டியிடக் கூடாது. ஊக்கமருந்து எடுத்ததற்கான தண்டனையாக அது கருதப்படவில்லை. இ.பி.ஓ.வைக் கண்டறியும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை 50 என்பதே நடைமுறையில் அனுமதிக்கப்பட்ட அளவு.

அந்த எல்லைக்கோடு வேலியாக இருப்பதற்குப் பதில் இலக்காக மாறியது. அணிகள் சிறிய சுழற்சி இயந்திரங்களை விடுதி அறைக்கே கொண்டுசென்று, விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, 48க்கும் 50க்கும் இடையில் எங்கே நிற்கிறோம் என்று காலையும் மாலையும் பார்த்துக்கொண்டன. சோதனையாளர்கள் வருவது தெரிந்தால், உப்புக்கரைசலை நரம்பில் ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்து கீழே இறங்கின. அளவுவரை அனுமதித்தால் எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. இயற்கையாகவே 48 உள்ள ஒருவருக்கு மருந்தால் 2 புள்ளிதான் கூடும். 41 உள்ளவருக்கு 9 புள்ளி கூடும். ஆகவே வெற்றியைத் தீர்மானித்ததில் பயிற்சிக்கும் திறமைக்கும் இருந்த பங்கு குறைந்து, யார் உடல் மருந்தை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது, யாருடைய மருத்துவர் கெட்டிக்காரர் என்பவற்றின் பங்கு கூடியது. 1999 ஜூனில், இத்தாலியச் சுற்றுப் பந்தயம் முடிய இரண்டு கட்டங்களே மிஞ்சியிருந்த நிலையில், முன்னணியில் இருந்த மார்கோ பன்டானிக்கு மடோன்னா தி கம்பீலியோ என்ற மலையூரில் காலையில் எடுத்த ரத்தம் 52 காட்டியது. வெற்றி உறுதி என்று ஊரே நம்பியிருந்த வீரர் விடுதியிலிருந்து போலீசார் சூழ வெளியே வந்தார். அதன் பிறகு அவர் பழைய பன்டானியாக ஆகவே இல்லை. 2004 பிப்ரவரியில் 34 வயதில் ஒரு விடுதி அறையில் கோகைன் நஞ்சேறி இறந்துகிடந்தார். மலை ஏறும்போது அவர் சேணத்திலிருந்து எழுந்து மிதிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்கக்கூடிய முடிவன்று.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விஷயத்திலும் இதுதான் நடந்தது. அந்த ஹார்மோனுக்கும், உடலில் அதோடு சேர்ந்தே சுரக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் பெரும்பாலானவர்களிடம் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கும். சந்தேக எல்லையாக முதலில் 6க்கு 1 என்று வைத்தார்கள், பிறகு 4க்கு 1 ஆக்கினார்கள். கிழக்கு ஜெர்மன் ஆய்வகம் இரண்டையும் சேர்த்துச் செலுத்தி விகிதத்தைச் சமன்செய்யும் வழியைக் கண்டுபிடித்தது. அளவு விதி இருக்கும் இடத்தில் சோதனை ஒழியாது, சோதனையாளர் ஒழியமாட்டார், ஏமாற்று ஒழியாது. கோடு இருக்கும் இடம் மட்டும் நகர்கிறது.

இந்தத் தரப்பிடம் ஒரு வலுவான வாதம் இருப்பதை மறைக்கக் கூடாது. 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிரன்டாவுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் இருந்தது. அதனால் மற்றவர்கள் மருந்தெடுத்து ஏற்றும் சிவப்பணு அளவு அவர் உடலில் தானாகவே இருந்தது. இயற்கை ஒருவருக்கு அள்ளிக் கொடுத்ததை மற்றவர் மருந்தால் ஈடுசெய்தால் என்ன தவறு? உயரமான மலைக் காற்றைப் போலப் பிராணவாயு குறைந்த கூடாரத்தில் படுத்துறங்கிச் சிவப்பணுவைக் கூட்டுவது அனுமதிக்கப்படுகிறதே, ஊசி மட்டும் ஏன் கூடாது? தடைப் பட்டியலின் மிகவும் இளகிய இடம் இதுதான். என்றாலும் கூடாரத்துக்கும் ஊசிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூடாரத்தில் படுப்பவரின் உடல் தன் கட்டுப்பாட்டை இழப்பதில்லை. போதும் என்ற இடத்தில் அதுவே நிறுத்திக்கொள்கிறது. ஊசிக்கு அப்படி ஓர் உள் எல்லை கிடையாது. நிறுத்துவது கையில் சிரிஞ்சைப் பிடித்திருப்பவரின் மனசாட்சி. மருத்துவர் மேற்பார்வை என்ற நிபந்தனை, மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் பொருள்படும். மாவட்ட மைதானத்தில் கால் சுளுக்கினால் கட்டுப்போட ஆள் கிடைப்பதே அரிது. அங்கே மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்து அளவு பார்க்கப்போவது யார்? மேலே ‘அளவோடு அனுமதி’ என்று எழுதப்படும் விதி, கீழே இறங்கி வரும்போது ‘அனுமதி’ என்ற ஒரு சொல்லாகத்தான் வந்து சேரும்.

நான்காவது வழியான தனிப்போட்டி இப்போது பெரிய பணத்தோடு வந்திருக்கிறது. ‘என்ஹான்ஸ்டு கேம்ஸ்’ என்ற பெயரில், மருந்து எடுத்தவர்களும் பங்கேற்கலாம் என்ற விதியோடு, 2026 மே மாதம் லாஸ் வேகாஸில் போட்டிகள் நடத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. முன்னோட்டமாக 2025 பிப்ரவரியில் கிறிஸ்டியன் கோலோமெயெவ் என்ற கிரேக்க நீச்சல் வீரர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 20.89 வினாடியில் நீந்தியதாகச் சொல்லி, அவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு கொடுக்கப்பட்டது. 2009இல் பிரேசிலின் செசார் சியேலோ வைத்த, அப்போதைய உலகச் சாதனையான 20.91ஐவிட அது 0.02 வினாடி குறைவு. அவர் அணிந்திருந்தது 2010 தொடக்கம் முதல் போட்டிகளில் தடைசெய்யப்பட்ட பாலியூரித்தேன் நீச்சலுடை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உடையால் 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலகச் சாதனைகள் விழுந்தன. நீந்துவது ஆளா உடையா என்ற கேள்வி எழுந்ததால் நீச்சல் உலகம் அதை விலக்கியது. மருந்தும் அதே உடையும் சேர்ந்தும் பழைய சாதனையைத் தாண்டியது 0.02 வினாடிதான் என்பது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

தனிப்போட்டிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது, மறைத்துச் செய்வதை வெளிப்படையாகச் செய்கிறார்கள், வயது வந்தவர்கள் மட்டுமே பங்கேற்கிறார்கள் என்பது. பொய்யைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை தூக்கும் பவர்லிஃப்டிங்கிலும் உடற்கட்டுப் போட்டிகளிலும், சோதனை உள்ள அமைப்பு, சோதனை இல்லாத அமைப்பு என்ற பிரிவினை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதனால் சோதனை உள்ள பக்கத்தில் ஏமாற்று நின்றுவிடவில்லை; ‘இயற்கையான உடல்’ என்ற பட்டத்துக்கும் சந்தையில் ஒரு மதிப்பு இருக்கிறது, அந்த மதிப்பை மருந்தெடுத்து வாங்க ஆள் இருக்கிறது. ஆகவே தனிப்போட்டி வந்தாலும் தடை வேண்டுமா என்ற கேள்வி பழைய இடத்திலேயே நிற்கும். இன்னும் கவலை தருவது, போட்டியை நடத்தும் அந்த நிறுவனமே பொதுமக்களுக்கு அத்தகைய பொருள்களை விற்கும் தொழிலையும் தொடங்கியிருப்பது. சீட்டு ஒட்டாத டப்பாவுக்கு அங்கே ஒரு பளபளப்பான சீட்டு கிடைத்துவிடும்.

இனி, இப்போதுள்ள தடை. 1967 ஜூலையில் டாம் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் பிரான்ஸின் வென்டூ மலைச்சரிவில், களைப்பை மறைக்கும் ஆம்ஃபெட்டமின் மருந்து உடலில் இருக்க, வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் சோதனை தொடங்கியது. 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா உருவாகி, 2004 முதல் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. திறனைக் கூட்டுவது, உடல்நலத்துக்குக் கேடு தருவது, விளையாட்டின் உணர்வுக்கு முரணாவது ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு பொருந்தினால் ஒரு பொருளைத் தடைசெய்யலாம். உடலில் மருந்து இருந்தால் அதற்கு வீரரே பொறுப்பு. எப்படி வந்தது என்பதை விளக்க வேண்டியவரும் அவரே.

இந்தத் தடை சரியாக வேலை செய்கிறது என்று நான் வாதாடப்போவதில்லை. 2011இல் தென்கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், பதில் சொல்பவர் யாரென்று தெரியாத வகையில் நடத்திய கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் 43.6 விழுக்காடு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வழக்கமான சோதனைகளில் சிக்குபவர்களோ 1, 2 விழுக்காடுதான். சிக்கினாலும் காலம் கடந்து சிக்குகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 94 கிலோ பளுதூக்கும் போட்டியில், சேமித்து வைத்த மாதிரிகளை மறுபடி சோதித்தபோது மேலே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நீக்கப்பட்டு, ஐந்தாம் இடத்தில் இருந்த ஈரான் வீரருக்குத் தங்கமும், எட்டாம் இடத்தவருக்கு வெள்ளியும், ஒன்பதாம் இடத்தவருக்கு வெண்கலமும் போய்ச் சேர்ந்தன. கொடி ஏறி, பாட்டு ஒலித்து, அரங்கம் எழுந்து நிற்கும் அந்த நிமிடத்தை யாரும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

தடையின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது: தண்டனை முழுவதும் வீரர் மேல் விழுகிறது. 2000 சிட்னியில் 16 வயது ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆந்த்ரேயா ரடுகான், சளிக்கு அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையால் தனிநபர் தங்கத்தை இழந்தார். 2019 ஏப்ரலில் தோஹா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரில் தங்கம் வென்ற திருச்சி மாவட்டம் முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்துவைத் தமிழ்நாடே கொண்டாடியது; 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் மாதிரியில் இருந்ததென்று பதக்கம் பறிக்கப்பட்டு நான்காண்டுத் தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். எது உண்மையாக இருந்தாலும், தண்டனை எழுதப்பட்டது அவர் ஒருவர் பெயருக்குத்தான். 2024இல் டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் மாதிரியில் குளோஸ்டிபால் என்ற ஸ்டீராய்டு இருந்தபோது, மசாஜ் செய்தவரின் கை வழியாகச் சேர்ந்தது என்பதை வல்லுநர்களையும் வழக்கறிஞர்களையும் வைத்து நிரூபிக்க அவரால் முடிந்தது. கடைசியில் மூன்று மாதத் தடையோடு வழக்கு முடிந்தது. அவர் சொன்னது உண்மை என்றே ஏற்கப்பட்டது, அதில் எனக்குப் புகார் இல்லை. அதே நிலைமை ஒரு கூலித்தொழிலாளியின் மகளுக்கு வந்தால் அதே உண்மையை நிரூபிக்க அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

இவ்வளவு குறைகளோடும் தடையை நான் ஏன் விடமாட்டேன் என்கிறேன்? சாதனைப் பட்டியலே காரணம். மகளிர் 800 மீட்டர் சாதனை 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 400 மீட்டர் 1985, குண்டு எறிதல் 1987, வட்டெறிதல் 1988. பயிற்சி முறையும் காலணியும் ஓடுதளமும் இத்தனை முன்னேறிய பிறகும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அவை நிற்கின்றன. தனிப்பட்ட எந்த வீராங்கனை மீதும் குற்றம் சுமத்த என்னிடம் ஆதாரம் இல்லை, அவர்கள் அந்தச் சாதனைகளுக்காகச் சோதனையில் சிக்கியதும் இல்லை. ஆனால் போட்டி இல்லாத நாளிலும் வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்கும் சோதனை 1989க்குப் பிறகுதான் பரவலானது. அதற்குப் பின் பெண்கள் தொட முடியாத எண்களாக அவை உறைந்துவிட்டன. பிடிபடுபவர் சிலரே என்றாலும், பிடிபடலாம் என்ற அச்சம் மருந்தின் அளவைக் குறைக்க வைக்கிறது. பத்து மாத்திரை விழுங்கத் தயாராக இருப்பவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது, அந்த உடலுக்குச் சிறிய ஆதாயமன்று.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது தடையைத்தான்; ஆனால் அது இன்றுள்ள வடிவில் நீடிக்கக் கூடாது. பட்டியலைச் சுருக்கலாம்: முன்பு ஓர் அளவுக்கு மேல் தடைசெய்யப்பட்டிருந்த காபியின் கஃபீனை 2004இல் எடுத்துவிட்டார்கள், அதனால் விளையாட்டு அழிந்துவிடவில்லை. சளி மாத்திரைக்கும் ஸ்டீராய்டுக்கும் இடையே தண்டனையில் இருக்கும் தூரம் இன்னும் கூட வேண்டும். இழந்த பதக்கத்துக்காக நிற்பவர்களுக்கு மேல்முறையீட்டுச் செலவை விளையாட்டு அமைப்பே ஏற்க வேண்டும். முக்கியமாக, கண் வீரரின் சிறுநீர்ப் புட்டியிலிருந்து கொடுத்தவரின் கைக்குத் திரும்ப வேண்டும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் கமீலா வலீவா என்ற ரஷ்யப் பனிநடன வீராங்கனையான சிறுமியின் பழைய மாதிரியில் இதய நோய்க்கான டிரைமெட்டாசிடின் இருந்தது தெரிந்தபோது அவருக்கு வயது 15. உலகம் முழுவதும் அவர் பனித்தளத்தில் மீண்டும் மீண்டும் விழுந்து அழுததைப் பார்த்தது, நான்காண்டுத் தடையும் அவருக்குத்தான் வந்தது.

இந்தியாவில் இதற்கு அவசரம் கூடுதல். வாடா வெளியிட்ட 2023ஆம் ஆண்டுக் கணக்கில், 5,000க்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில், சிக்கியவர்களின் விகிதம் அதிகமாக இருந்தது இந்தியாவில்தான்: 5,606 மாதிரிகளில் 3.8 விழுக்காடு. 2022இல் நாடாளுமன்றம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது நல்ல தொடக்கம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் சோதனை தேசியப் போட்டியோடும் எப்போதாவது ஒரு மாநிலப் போட்டியோடும் நிற்காமல், வேலைக்குச் சான்றிதழ் வழங்கும் எல்லா மாநிலப் போட்டிகளுக்கும், அவற்றுக்கு முந்தைய பயிற்சி மாதங்களுக்கும் இறங்கி வர வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரின் மாதிரியில் ஸ்டீராய்டு கிடைத்தால், விசாரணை அவருடைய பயிற்சியாளரிடமிருந்தும் மருந்து வாங்கிய கடையிலிருந்தும் தொடங்க வேண்டும், பிள்ளையிடமிருந்து தொடங்கக் கூடாது.

எங்கள் பையன் ஓட்டத்தை விட்டுவிட்டான். அந்த டப்பாவைக் கொடுத்தவர் பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்று அவர் மீது எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். பல ஆண்டுகள் மைதானத்தில் நின்ற எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எங்கள் மைதானத்தின் நுழைவாயிலில் நடைப்பயிற்சிக் கட்டணம், வாகன நிறுத்தம், செருப்பு விடும் இடம் எல்லாவற்றுக்கும் தமிழில் பலகை வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பக்கத்தில், உங்கள் பிள்ளைக்குப் பெயர் தெரியாத மாத்திரையோ ஊசியோ யாராவது கொடுத்தால் இந்த எண்ணில் சொல்லுங்கள் என்று ஒரு பலகை வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்தும் பார்த்துவிட்டேன். மூன்றடிக்கு இரண்டடி இடம் காலியாக இருக்கிறது.